சன்ன டின்னுக்கு ஒரு கதிரை

அந்த வருடம் கற்பிட்டியில் நான் போகாத இடத்துக்குக்கூட எனக்கு முன்னால், நான் உட்கார, ஒரு கதிரை போய்ச் சேர்ந்துவிடும். பள்ளிவாசலில் கதிரை. கல்யாண வீட்டில் கதிரை. சவரக் கடையில் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் எழும்பி ஆறு கதிரை தந்தார்கள். கடலுக்குள் முழங்காலளவு இறங்கி நின்றால் மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை. அதையும் யாராவது யோசித்திருப்பார்கள், அலை இழுத்துவிடும் என்று விட்டிருப்பார்கள்.

காரணம் நான்தான். கருவாடு மொத்தமாக வாங்கி லொறியில் ஏற்றி அனுப்புவது என் தொழில். ஒருநாள் காலை, எத்தாளைப் பக்கத்தில் மீன் காயப்போடும் வாடியொன்றில் கட்டாக் கருவாட்டுச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ பிழிந்தார்கள். வியர்த்துக் கொட்டியது. சாக்கின்மேல் சாய்ந்தேன். கலிமா சொன்னேன். அங்கே நின்ற எல்லாருக்கும் மன்னிப்புக் கொடுத்தேன். எனக்கு ஒரு தீங்கும் செய்யாத லொறிக்காரரையும் சேர்த்து மன்னித்தேன். மனைவிக்குப் போன் எடுத்து வீட்டு உறுதிப் பத்திரம் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று சொன்னேன்.

"அந்த அலுமாரியில நான்தான் வச்சன். எனக்குச் சொல்லித் தாறீங்களா?" என்றாள் அவள். பிறகுதான் அழுதாள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் வயர் ஒட்டி, ஈசிஜி கடுதாசி எடுத்து, இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். காலையில் டொக்டர் சொன்னார்: "இருதயம் நல்லா இருக்கு. இது பதற்றம். மனசு பயந்தா உடம்பு இப்படித்தான் நாடகம் போடும்."

ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அம்பியுலன்ஸில் போனவன் பதற்றத்துக்குப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? அன்றிலிருந்துதான் கதிரைகள். நாற்பது வருடம் ஊரைச் சிரிக்கவைத்தவன் நான். இப்போது நான் பகிடி விட்டால் சனம் சிரிக்குமுன் என் முகத்தின் நிறத்தைப் பார்த்தது.

எனக்கு நிற்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

நிற்பதற்கு மட்டுமென்றே ஒரு விளையாட்டு இருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கையைப் பையில் போட்டுக்கொண்டு, மறு கையில் காற்றுத் துவக்கை நீட்டி, பத்து மீற்றர் தூரத்தில் இருக்கும் கடுதாசியில் நாற்பது தடவை சுடுவது. உட்கார்ந்தால் செல்லாது. எங்கள் ஊர்க் கழகம் அதைப் பழைய வெங்காய ஸ்டோர் ஒன்றில் நடத்துகிறது. முன்பு அங்கே சுட்டிருக்கிறேன், ஓரளவுக்கு. வெங்காயம் காயவேண்டும் என்பதற்காகச் சுவரெல்லாம் இடைவெளி விட்டு அடித்த சலாகைகள். தென்மேற்குக் கச்சான் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போகும். வெங்காயம் போய்ப் பல வருடமாகியும் மணம் போகவில்லை. எங்கள் கழகத்தில் யார் அழுதாலும் தோல்வியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கழகத்தின் செயலாளர் கடற்படையில் எஞ்சின் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர், சிலாபத்துச் சிங்களவர்; எங்களுக்கு 'மாத்தயா', ஐயா என்று அர்த்தம். துவக்குகள் அவருடைய இரும்பு அலுமாரியில், சாவி அவருடைய அரைஞாணில். மாகாணப் போட்டிக்கு நாலு பேர் போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு நானும் வங்கியில் வேலை செய்யும் ஒருவரும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுட வேண்டும். குறித்த நேரத்துக்குள் நாற்பதையும் சுட்டு, கூடிய புள்ளி எடுத்தவர் போவார்.

"தோத்தா என்ன மாத்தயா?" என்று கேட்டேன்.

"தோத்தா பிரச்சினை இல்ல மொதலாளி. ஸ்கோர் எழுத ஆள் வேணும். நல்ல கதிரை இருக்கு. குஷனும் போட்டுத் தாறன்."

நெஞ்சில் பழைய பிழிசல் லேசாகத் தொடங்கியது. "முடியாது" என்றேன். எதற்கு முடியாது என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது.

பதற்றக்காரனுக்கு எப்போதும் ஒரு குற்றவாளி வேண்டும். கை நடுங்குகிறது என்று ஒத்துக்கொள்ள மனம் வராது. கழகத்துக்குத் திரும்பிப் போன நாளில் இருந்தே நான் பிடித்து வைத்திருந்த குற்றவாளி சன்னம்.

காற்றுத் துவக்கின் சன்னம் மிளகை விடக் கொஞ்சம் பெரியது. ஈயம். இடை ஒடுங்கி, அடியில் பாவாடை விரித்தது போல இருக்கும். தலைதான் வித்தியாசம். கூர்த்தலை ஒன்று, உருண்டைத்தலை ஒன்று, வெட்டிவிட்டது போலத் தட்டைத்தலை ஒன்று. முதலில் நான் மயங்கியது கூர்த்தலையில். பார்த்தாலே பயம் வரும். என்னைப் போலத் தோற்றத்தில் மட்டும் பயங்கரம். கடுதாசியைக் கிழித்துப் பிய்த்துவிடும், பட்டது எட்டுப் புள்ளியா ஒன்பதா என்று எவராலும் சொல்ல முடியாது. பிறகு உருண்டைத்தலை. சலாகைக்குள்ளால் வரும் கச்சான் காற்றை அது வெட்டிக்கொண்டு போகும் என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். பத்து மீற்றரில் காற்று ஒன்றும் செய்யாது என்று செயலாளர் சொன்னார். கப்பலில் இருந்தவருக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் தட்டைத்தலை. அது கடுதாசியில் வட்டமாக, கத்தரிக்கோலால் வெட்டியது போல ஓட்டை போடும். உலகம் முழுக்கப் போட்டிக்காரர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள். எல்லாரும் முதல் நாளே எடுக்கும் முடிவை எடுக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

அத்தோடு விட்டேனா? ஒரே டின்னுக்குள் இருக்கும் சன்னங்களும் ஒன்றுபோல் இல்லை என்று யாரோ சொல்ல, நகைக் கடைத் தராசு ஒன்று வாங்கினேன். ஒவ்வொன்றாக நிறுத்தேன். பிறகு மனைவியின் கண்ணாடி அலுமாரியில் இருந்து ஒரு கண்ணாடித் தட்டைக் கழற்றிச் சரிவாக வைத்து, சன்னங்களை உருட்டிவிட்டேன். பாவாடை நசுங்கியது ஒரு பக்கமாக இழுக்கும்; நல்லது அழகாக வளைந்து போகும். நான் தரையில் படுத்துக் கன்னத்தை நிலத்தில் வைத்து அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள்.

"யா அல்லாஹ்! திரும்பவும் நெஞ்சா?"

"இல்ல, சன்னம்."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். கதிரை ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வைத்தது எனக்கல்ல, அதில் அவள் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் பேசக்க உங்கட வாப்பா சொன்னாரு, மகன் கொஞ்சம் பகிடிக்காரன் எண்டு. இப்பிடி எண்டு சொல்லல்ல."

"தரம் பிரிக்கிறன். கருவாடு பிரிக்கிற மாதிரித்தான்."

"கருவாட்டத் தின்னலாம். ஈயம் புடிச்ச கையக் கழுவாம திங்கிற பாணத் தொட்டீங்க எண்டா நான் உங்களத் தரம் பிரிப்பன்."

கழுவினேன். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம்.

இப்படி மூன்று தலைகளிலும் நான் தள்ளிவிட்டவை சில நூறு சேர்ந்தன. எறிய மனமில்லை. பெரிய பால்மா டின் ஒன்றில் எல்லாவற்றையும் கலந்து கொட்டி, 'பயிற்சிக்கு' என்று மேலே எழுதி, கழகத்துக்கு அன்பளிப்புச் செய்தேன். செயலாளர் எல்லார் முன்னிலையிலும் நன்றி சொன்னார். நல்லவை நூறும் என்னிடம் ஒரு சிறிய டின்னில், பஞ்சுக்கு மேல், முட்டை வைத்தது போல இருந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அந்த டின்னைத் திறந்தேன். நூறு சன்னத்திலும் வெள்ளை பூத்திருந்தது.

எங்கள் ஊர் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்புநீர்க் களப்பு. நடுவில் நாங்கள் உப்புக் காற்றில் ஊறிக்கொண்டிருக்கிறோம். வாசல் படலையின் இரும்புக் கொளுக்கி இரண்டு மழைக்குத் தாங்காது. ஈயத்தை மட்டும் அது சும்மா விடும் என்று நான் ஏன் நம்பினேன்? நெஞ்சு பிழிந்தது. நாளை ஒன்பது மணி. குஷன் போட்ட கதிரை கண்ணுக்குள் வந்து நின்றது.

ஒரு நிதானமான மனிதன் என்ன செய்வான்? துணியால் துடைப்பான். நான் கருவாட்டுக்காரன். நூறு சன்னத்தையும் நன்னீரில் கழுவினேன். முற்றத்தில் கருவாடு காயப்போடும் வலைத்துண்டை விரித்து, வெயிலில் பரப்பினேன். காகம் வருமென்று பக்கத்தில் கம்போடு நின்றேன். காகம் வந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. காய்ந்த பிறகு இனி உப்பு பிடிக்கக் கூடாது. உப்புக்கு எங்கள் கரையில் காலங்காலமாக ஒரே மருந்துதான்: தோணிப் பலகைக்குப் பூசும் சுறா எண்ணெய். பலகையைக் காப்பாற்றும் எண்ணெய் சன்னத்தைக் காப்பாற்றாதா? ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளும் புறமும், பாவாடைக்கு உள்ளேயும் விரலால் தடவினேன். மாஷா அல்லாஹ், மினுங்கின.

"என்ன நாத்தம் இது?" என்றாள் மனைவி.

"வெற்றியோட மணம்."

"போற இடத்திலயும் இப்பிடித்தான் மணக்கப் போறீங்களா?"

மணந்தேன்.

சனிக்கிழமை ஸ்டோரில் சனம் இருந்தது. கதை பரவி, கருவாட்டு வாடிகளில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நான் விழுவதைப் பார்க்க அல்ல, விழுந்தால் பிடிக்க. அதுதான் எனக்குப் பெரிய கோபம். நான் நிற்க வேண்டிய கோட்டுக்குப் பின்னால் செயலாளர் ஒரு கதிரையும் போட்டிருந்தார்.

"இது எதுக்கு மாத்தயா?"

"சும்மா மொதலாளி. ஒரு சேப்டிக்கு."

பக்கத்துக் கோட்டில் வங்கிக்காரர். யாழ்ப்பாணத்தில் இருந்து சண்டைக் காலத்தில் பெற்றோரோடு புத்தளம் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எனக்குப் பத்து வயது இளையவர், மரியாதையில் என்னைக் கொல்லுகிறவர்.

"அண்ணை, அந்தரப்படாதேங்கோ. ஆறுதலாச் சுடுங்கோ. தண்ணி ஏதும் வேணுமே?"

"வேணாம் தம்பி. நீங்க தோக்கிறதப் பத்தி யோசிங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கை சிரிக்கவில்லை, தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

துவக்கை மடித்து, மினுங்கும் சன்னத்தை வைத்து, நிமிர்ந்து, கையை நீட்டினேன். குறி வட்டம் முழுக்க அலைந்தது. விசையை இழுத்தேன்.

காற்றுத் துவக்கு வழக்கமாகத் தும்மும். அது அன்று வெடித்தது. பட்டாசுபோல ஒரு சத்தம், துவக்கின் வாயில் இருந்து நீலப் புகை, புகையோடு கருகிய மீன் மணம். எல்லாரும் குனிந்தார்கள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை எனக்கு உண்மையிலேயே சூடு பட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்று பேர் கதிரையோடு ஓடிவந்தார்கள்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" செயலாளர் துவக்கை வாங்கி மணந்து பார்த்தார். பிறகு என் டின்னையும் மணந்து பார்த்தார். கடற்படைக்காரரின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். "மொதலாளி, இது என்ன?"

"சுறா எண்ணெய்."

"அய்யோ தெய்யனே! உள்ளுக்கு ஸ்பிரிங் காத்த அமுக்குது. காத்து சூடாகுது. எண்ணெய் பத்துது. டீசல் எஞ்சின் இதானே! நீங்க துவக்கு சுடல்ல, போட் ஸ்டார்ட் பண்ணினது!"

ஸ்டோர் முழுக்கச் சிரித்தது. பல மாதத்துக்குப் பிறகு என் ஊர் என்னைப் பார்த்து, என் முகத்தின் நிறத்தைப் பார்க்காமல் சிரித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை மறைக்கமாட்டேன்.

சன்னம் பட்டது மூன்றாவது வளையத்தில். பத்துக்கு மூன்று. அது செல்லும் என்றார் செயலாளர். குழாயைத் துணியால் இழுத்துத் துடைத்து, மணல் பெட்டிக்குள் சுட்டுப் பார்த்து, புகை வராத மட்டும் அவர் வேலை செய்தார். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு துவக்கை என்னிடம் தராமல் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தச் சன்னம் இனிப் பாவிக்க ஏலாது. மொதலாளி, இன்டைக்கு விடுங்க. உடம்பும் சரியில்ல. வந்து கதிரையில இருங்க."

"முடியாது."

"அண்ணை, என்ரை டின்னில இருந்து எடுங்கோ" என்றார் வங்கிக்காரர். மனதாரத்தான் சொன்னார்.

"உங்கட சன்னத்தால உங்களத் தோக்கடிச்சா நாளைக்கு பேங்குக்கு எந்த முகத்தோட வாறது? வேணாம் தம்பி. மாத்தயா, எண்ட பால்மா டின் எங்க?"

கொண்டுவந்தார்கள். நான் தள்ளிவிட்டவை எல்லாம். நசுங்கியவை, பாரம் குறைந்தவை, கண்ணாடியில் கோணலாக ஓடியவை. மூன்று தலையும் கலந்து. டின்னை எங்கே வைப்பது? நிலத்தில் வைத்தால் இன்னும் முப்பத்தொன்பது தடவை குனிய வேண்டும். திரும்பிப் பார்த்தேன். 'சேப்டி'க்குப் போட்ட கதிரை வெறுமையாக நின்றது. டின்னைத் தூக்கி அதில் வைத்தேன்.

கையை உள்ளே விட்டேன். சாக்கின் மேல்பக்கத்தில் எப்போதும் அலங்காரம்தான் இருக்கும். கருவாட்டுக்காரன் நடுவில் கையை விடுவான். பார்க்க வேண்டியதில்லை. விரல் நுனியில் கூர் குத்தியது, விட்டேன். உருண்டை வழுக்கியது, விட்டேன். தட்டை வந்தது. பாவாடையைச் சுற்றித் தடவினேன். ஒரு பக்கம் நசுங்கல், வேண்டாம். இன்னொன்று. இது சரி. இருபத்தெட்டு வருடமாக நான் செய்கிற வேலை இது. நாலாவது சன்னத்தை எடுத்தபோதுதான் கவனித்தேன்: டின்னுக்குள் இருக்கும்வரை என் கை ஆடவில்லை. வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட மறந்திருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மடித்து, வைத்து, நீட்டி, சுட்டேன்.

ஒன்பது. எட்டு. ஒன்பது. பத்து. ஏழு.

ஏழு வந்தபோது பிழிசல் வந்தது. வா, வந்து நில், எனக்கு வேலை இருக்கிறது என்று அதற்குச் சொன்னேன். டின்னுக்குள் கையை விட்டேன். கூர், உருண்டை, கூர், தட்டை.

வங்கிக்காரர் முடித்துவிட்டார். முந்நூற்று முப்பத்தேழு. நான் இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வாடிக்காரர் ஒருவர், அண்ணனைக் கூப்பிடுவது போல, "நானா, வாங்கப் போறீங்களா, பாத்துட்டுப் போறீங்களா?" என்று கத்தினார். சனம் சிரித்தது. நான் திரும்பாமல், "நல்ல சாமான் இல்ல, இருந்தாலும் எடுக்கிறன்" என்றேன்.

நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நாற்பதாவதைச் சுட்டேன். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. உட்காரவில்லை.

கூட்டிப் பார்த்தார்கள். கடைசி ஓட்டையை எட்டு என்று எடுத்தால் முந்நூற்று முப்பத்தேழு. ஒன்பது என்றால் ஒன்று கூட. ஓட்டை எட்டாம் வளையத்தில் இருந்தது. ஆனால் அதன் விளிம்பு ஒன்பதின் கோட்டைத் தொட்டதா இல்லையா? தொட்டிருந்தால் ஒன்பது. செயலாளர் சின்னப் பித்தளைக் குச்சியை ஓட்டைக்குள் செருகி, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார்.

"வட்டமா வெட்டியிருக்கு" என்றார் மெதுவாக. "கிழியல்ல. கோடு தெரியுது. தொட்டிருக்கு. ஒன்பது."

கூர்த்தலையாக இருந்திருந்தால் கடுதாசி பிய்ந்து கோடும் போயிருக்கும். நாலு மாதம் நான் படுத்துக் கிடந்து தெரிந்துகொண்டதில் பயன்பட்டது இந்த ஒன்றுதான். பரவாயில்லை. ஒன்று போதும்.

வங்கிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தன் கையை மணந்து பார்த்து, "அண்ணை, இது எத்தினை நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கேட்டுவிட்டு, "கண்ணாடித் தட்ட எப்ப மாட்டுவீங்க?" என்றாள். மாட்டினேன். அதன் பிறகு தேத்தண்ணி தந்தாள், கை கழுவியதைக் கேட்டுவிட்டு.

நான் ஏதாவது கற்றுக்கொண்டேனா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. இப்போதும் நிறுக்கிறேன். ஒரே மாற்றம், நல்லவையாகத் தேறுவதையும் பால்மா டின்னுக்குள் கொட்டிக் கலக்கிவிடுகிறேன். புது டின்னை அப்படியே கொண்டுபோவதுதான் முறை என்று செயலாளர் சொல்கிறார். வரிசையாக அடுக்கியிருக்கும் சன்னத்தில் என் கைக்கு என்ன வேலை? டொக்டர் தந்த குளிசையும் எடுக்கிறேன். பிழிசல் வருகிறது, போகிறது. வரும்போது நான் நின்றுகொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

போன கிழமை மாகாணப் போட்டிக்கான படிவம் வந்தது. நாலாவது பெயர் என்னுடையது. பெயருக்கு நேரே, 'விசேட தேவைகள்' என்ற இடத்தில் செயலாளர் என்னைக் கேட்காமலே 'ஒரு கதிரை' என்று எழுதி வைத்திருந்தார்.

வெட்டவில்லை. பேனையை வாங்கி, பக்கத்தில் என் கையால் எழுதினேன்: 'சன்ன டின் வைப்பதற்கு.'